குடி, மாத்திரை, ஊசி: போதை ஓபிக்கும் பிஹெச்சிக்கும் (ஆரம்ப சுகாதார நிலையம்) நடுவுல அல்லாடுறவங்க கேள்விக்கு பதில்

எல்லாருக்கும் வணக்கம். நான் ஸ்டாஃப் நர்ஸ், நார்த் மெட்ராஸ்ல மொதல்ல மெடிசின் வார்டு, இப்போ போதை மீட்பு ஓபி. ரெண்டு பக்கமும் நின்னு பாத்ததால இன்னிக்கு பூரா ஒரே விஷயத்தை தான் விதவிதமா சொல்லப்போறேன், சுகர் பிபி டிபி பாக்குற டாக்டருக்கு போதை விஷயம் தெரியணும், போதைக்கு பாக்குற டாக்டருக்கு மத்த நோய் தெரியணும். சரி, கேள்விங்க வரிசையா வருது.

வியாசர்பாடிலேர்ந்து ஒரு தங்கச்சி: அக்கா, வீட்டுக்காரருக்கு காலைல எழுந்ததும் கை நடுங்கும், ஒரு கட்டிங் போட்டா தான் நிக்கும். கார்த்திகை ஒண்ணு மாலை போட்டு ஒரேயடியா நிறுத்திடுறேன்னு சொல்றாரு. சந்தோஷமா இருக்கு, ஆனா பயமாவும் இருக்கு.

பயம் நியாயமானது மா. காலைலயே கை நடுங்குதுன்னா ஒடம்பு குடிக்கு பழகிடுச்சு, திடீர்னு நிறுத்துனா கடைசியா குடிச்ச 6 மணி நேரத்துலயே நடுக்கம், வேர்வை, வாந்தின்னு ஆரம்பிக்கலாம், மொத ரெண்டு நாளுக்குள்ள ஃபிட்ஸ் வரலாம், ரெண்டாவது மூணாவது நாள்ல இல்லாத ஆளெல்லாம் தெரியுதுன்னு பேச ஆரம்பிச்சா அது உயிருக்கே ஆபத்து. மாலை போடட்டும், நல்ல விஷயம், ஆனா அதுக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாடியே ஓபிக்கு கூட்டிட்டு வாங்க, கொஞ்ச நாளைக்கு மாத்திரை குடுத்து கொறைச்சிக்கிட்டே வந்து நிறுத்துவாங்க. முன்னாடி எப்பவாவது ஃபிட்ஸ் வந்திருந்தா கண்டிப்பா சொல்லுங்க, அட்மிஷன் தேவைப்படும்.

இன்னொண்ணு, நம்ம ஏரியால சோர்வா இருக்குன்னா ஒடனே தெருமுனை கிளினிக்ல குளுக்கோஸ் ஏத்திடுவாங்க. வருஷக்கணக்கா குடிக்கிறவங்களுக்கு பி1 விட்டமின், அதாவது தயமின், ரொம்ப கொறைஞ்சிருக்கும், அது குடுக்காம வெறும் குளுக்கோஸ் ஏத்துனா மூளை பாதிக்கலாம். வெக்கப்படாம "தினம் குடிப்பாரு"ன்னு சொல்லிட்டு அப்புறம் ஏத்த சொல்லுங்க.

புளியந்தோப்பு: என் தம்பி ஊசி போட்டுட்டு இருந்தவன், இப்போ நாக்குக்கு அடில வெக்கிற மாத்திரைல நல்லா இருந்தான். டிபின்னு சொல்லி மாத்திரை ஆரம்பிச்சாங்க. ரெண்டு வாரம் கூட ஆகல, கை கால் முறுக்குது, மூக்கு ஒழுகுது, தூக்கம் இல்ல. திரும்ப ஊசிக்கு போயிடுவானோன்னு இருக்கு.

இந்த கேள்வி வந்ததுக்கு ரொம்ப நன்றி, ஏன்னா இதுல தான் நெறைய பசங்க நழுவிப் போறாங்க. தம்பி வேணும்னே நடிக்கல. டிபி மருந்துல ரிஃபாம்பிசின்னு ஒண்ணு இருக்கு, ஒண்ணுக்கு ஆரஞ்சு கலர்ல போகுமே அது. அந்த மருந்து, ஊசி போதைக்கு பதிலா நாக்குக்கு அடில வெக்க குடுக்குற புப்ரெனார்ஃபினை ஈரல்ல சீக்கிரமா கரைச்சு வெளியேத்திடும், அதனால அதே டோஸ் போட்டாலும் ஒடம்புக்கு பத்தாது. டிபி சென்டர்ல இது போதைக்காரன் பேச்சுன்னு நெனைக்கலாம், போதை ஓபில டிபி ஆரம்பிச்சதே தெரியாம இருக்கலாம். நாளைக்கே டிபி மாத்திரை அட்டையை எடுத்துட்டு போதை ஓபிக்கு போங்க, டோஸ் மாத்துவாங்க. டிபி மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க, 6 மாசம் முழுசா போடணும். அது முடிஞ்சப்புறம் ரெண்டு மூணு வாரத்துல ரிஃபாம்பிசின் வேகம் அடங்கிடும், அப்போ ஏத்துன டோஸை மறுபடி கொறைக்கணும், இல்லனா தூக்கம் தூக்கமா வரும். டிபி முடியிற தேதியையும் போதை ஓபில சொல்லி வெச்சிடுங்க.

கண்ணு மஞ்சளாச்சு, சாப்பாடு புடிக்கல, வாந்தின்னா காத்திருக்காம போங்க, டிபி மருந்து ஈரலை பாதிக்கும், ஊசி போட்டவங்களுக்கு ஏற்கனவே ஹெபடைடிஸ் (ஈரல் வீக்கம்) இருந்தா இன்னும் ஜாக்கிரதை.

கொருக்குப்பேட்டை தம்பி: வலி மாத்திரையை கரைச்சு ஊசியா போடுறேன் கா. நிறுத்தணும். ஓபிக்கு வந்தா போலீஸ்ல சொல்லிடுவாங்களா?

சொல்ல மாட்டாங்க தம்பி. 2017 மனநல சட்டத்துல போதை பிரச்சினையும் சேர்ந்து தான் இருக்கு, உன் விஷயத்தை ரகசியமா வெக்கணும்னு அதுலயே இருக்கு. 1985 போதைப்பொருள் சட்டத்துலயும் 64ஏன்னு ஒரு பிரிவு இருக்கு, போதை பழக்கத்துல இருக்கவங்க உபயோகிச்சதுக்கோ சின்ன அளவு வெச்சிருந்ததுக்கோ கேஸ்ல மாட்டுனாலும், தானா வந்து அரசாங்கத்தோட இல்ல அரசு அங்கீகாரம் உள்ள இடத்துல சிகிச்சை எடுத்தா தண்டனைலேர்ந்து பாதுகாப்பு உண்டு, பாதில விட்டா அது போயிடலாம். விக்கிறவங்களுக்கு இது கெடையாது.

டேபென்டடால் மாதிரி வலி மாத்திரை வாயில போடுறதுக்கு செஞ்சது, கரைச்சாலும் மாவு முழுசா கரையாது, ரத்தக் குழாயை அடைச்சு புண்ணாகும். கை கால்ல கட்டி, சீழ், காய்ச்சல் இருந்தா அதை மொதல்ல காட்டு. எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி மூணுத்துக்கும் டெஸ்ட் எடுத்துக்கோ. சி வந்திருந்தா கூட பெரும்பாலும் 12 வாரம் மாத்திரைல குணமாயிடும், 2018லேர்ந்து அரசாங்க திட்டத்துல இலவசம். முக்கியமா ஒண்ணு: கொஞ்ச நாள் நிறுத்திட்டு திரும்ப பழைய அளவை போட்டா மூச்சு நின்னுடும், ஒடம்பு அந்த பழக்கத்தை விட்டிருக்கும். ஜெயில்லேர்ந்து, சென்டர்லேர்ந்து வந்த பசங்க இப்படி தான் போறாங்க, மனசு ஆறவே இல்ல எனக்கு.

தண்டையார்பேட்டை: குடியை நிறுத்த சாம்பார்ல கலந்து குடுக்குற பவுடர் விக்கிறாங்க, குடுக்கலாமா?

கூடாது. சிலதுல டைசல்ஃபிராம், அதாவது குடிச்சா ஒடம்புக்கு ஒத்துக்காம பண்ற மருந்து, இருக்கலாம், தெரியாம அதுக்கு மேல அவர் குடிச்சா பிபி இறங்கி நெஞ்சு வலி வரைக்கும் போகும். அந்த மருந்து நல்ல மருந்து தான், ஆனா அவருக்கு தெரிஞ்சு, ஈரலும் ஹார்ட்டும் டெஸ்ட் பண்ணி குடுக்கணும்.

ஒரு பிஹெச்சி சிஸ்டர்: எங்க கிட்ட கூட்டம் தாங்கல மேடம், இதுல போதையும் நாங்க பாக்கணுமா?

உங்க கஷ்டம் எனக்கு தெரியும் சிஸ்டர். முழுசா பாக்க சொல்லல. பிபி கட்டும்போதே "குடிப்பீங்களா, தூக்க மாத்திரை வலி மாத்திரை பழக்கம் இருக்கா"ன்னு கேளுங்க, மூணு மாத்திரை குடுத்தும் பிபி இறங்காத ஆளுங்க பாதி பேர்கிட்ட இந்த கேள்வியை யாருமே கேட்டிருக்க மாட்டாங்க. 2021 ஆகஸ்ட்ல மக்களைத் தேடி மருத்துவம் வந்தப்புறம் வீடு வீடா மாத்திரை குடுக்குற அக்காங்களுக்கு எந்த வீட்ல யார் குடிக்கிறாங்கன்னு டாக்டருக்கு முன்னாடியே தெரியும், அவங்களை கேளுங்க.

அமெரிக்கால சாக்ரமென்டோல 592 பேரை வெச்சு ஒரு ஆராய்ச்சி, 2001ல வந்தது. போதைக்கு வந்தவங்கள்ல ஒரு பகுதிக்கு பொது மருத்துவமும் அதே இடத்துல, மத்தவங்களுக்கு தனித்தனியா. மொத்தமா பாத்தா பெரிய வித்தியாசம் இல்ல. ஆனா போதையோட சேர்ந்த ஒடம்பு நோய் இருந்தவங்கள்ல, 6 மாசம் கழிச்சு, ஒண்ணா பாத்தவங்கள்ல 69 சதவீதம் பேர் போதை இல்லாம இருந்தாங்க, தனித்தனியா பாத்தவங்கள்ல 55. நம்ம கிட்ட வர்றவங்க முக்கால்வாசி ஈரல், டிபி, சுகரோட தான் வர்றாங்க. அதனால சீட்டுல "ரெஃபர்"னு எழுதி அனுப்பிடாதீங்க, அந்த ஓபிக்கு ஒரு போன் போட்டு எந்த நாள், யாரை பாக்கணும்னு கேட்டு எழுதிக் குடுங்க, அடுத்த தடவை பிபிக்கு வரும்போது போனீங்களான்னு கேளுங்க.

எங்க போறது கா, எதை எடுத்துட்டு போறது?

ஸ்டான்லி ஆஸ்பத்திரில மனநல ஓபி, கீழ்ப்பாக்கம் மனநல காப்பகம், ரெண்டும் நமக்கு பக்கம். 2025ல அரசு ஆஸ்பத்திரிகள்ல கலங்கரைன்னு போதை மீட்பு மையங்களும் வந்திருக்கு. இலவச போன் 14446. எல்லா ஓபி சீட்டும், டெஸ்ட் ரிப்போர்ட்டும், போடுற மாத்திரையோட காலி அட்டையும் ஒரே கவர்ல போட்டு, எந்த டாக்டர்கிட்ட போனாலும் அந்த கவரை அப்படியே குடுங்க. நடுவுல மறுபடி குடிச்சிட்டாலும், ஊசி போட்டுட்டாலும் அடுத்த ஓபி தேதிக்கு வந்துடுங்க, பிபி சுகர் டிபி மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க.