'நாங்க பண்ணோம்' போதாது. உங்கள் பங்கைச் சொல்லுங்கள்

கேள்வி: விருதுநகர் பக்கம் ஒரு கல்லூரியில் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வகுப்பில் பெண்கள் நான்கே பேர். வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. கம்பெனிகளில் தெரிந்தவர் யாரும் இல்லை. வாழைநார் பிரிக்கும் இயந்திரம்தான் எங்கள் புராஜெக்ட். மாதிரி இன்டர்வியூவில் ஒருவர், "நைட் ஷிஃப்ட் வருவியா, கல்யாணம் ஆனா வேலையை விட்டுடுவியா?" என்று கேட்டார். பதில் வரவில்லை. கேம்பஸ் இன்டர்வியூவுக்கு எப்படித் தயாராவது?

பதில்: உங்கள் புராஜெக்ட்டிலிருந்தே தொடங்குகிறேன். இன்டர்வியூ எடுக்க உட்காரும்போதெல்லாம் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். பையன்கள் "நான் டிசைன் பண்ணேன்" என்பார்கள். அதே குழுவில் பாதி வேலையைச் செய்த பெண் "நாங்க பண்ணோம் சார்" என்பாள். நம் பெண்களை அடக்கமாகப் பேசச் சொல்லியே வளர்த்திருக்கிறோம். ஆனால் எதிரே இருப்பவருக்கு அவள் என்ன செய்தாள் என்பது கடைசிவரை தெரியாமலே போய்விடுகிறது.

நாலு பேர் சேர்ந்து செய்தோம் என்று ஒரு வரி போதும். அப்புறம் உங்கள் பங்குக்கு வந்துவிடுங்கள். பிளேடுக்கும் பின்தகட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை முடிவு செய்தது நீங்கள் என்றால், அதைச் சொல்லுங்கள். இடைவெளி குறைந்தால் நார் அறுந்துவிடும், கூடினால் சதை ஒட்டிக்கொண்டே வரும். முதலில் எத்தனை மில்லிமீட்டர் வைத்தீர்கள், என்ன ஆனது, எப்படி மாற்றினீர்கள், எதை வைத்து அளந்தீர்கள்? முதல் முயற்சி சொதப்பியதை மறைக்க வேண்டாம். கேட்பவர் நிமிர்ந்து உட்காருவது அங்கேதான். ஒரு பேப்பர் கேட்டு வாங்கி வரைந்து காட்டுங்கள். அடுத்த பத்து நிமிடக் கேள்விகள் அந்தப் படத்தைச் சுற்றியே வரும். ஆங்கிலம் தடுமாறினாலும் கை பேசிவிடும்.

கல்யாணக் கேள்வி கேட்கக் கூடாத கேள்வி. உங்களுக்குக் கோபம் வந்திருந்தால் அது நியாயம்தான். ஆனாலும் ஒரு பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்: "இந்த வேலையைக் கற்று இதிலேயே வளரத்தான் வந்திருக்கிறேன் சார்." அதோடு நிறுத்துங்கள். வீட்டில் வரன் பார்க்கிறார்களா இல்லையா என்பதெல்லாம் அந்த அறைக்குள் வர வேண்டியதே இல்லை. திரும்பத் திரும்ப அதையே கேட்டால் பிளேஸ்மென்ட் அதிகாரியிடம் சொல்லுங்கள்.

நைட் ஷிஃப்ட் வேறு விஷயம். 1948 தொழிற்சாலைகள் சட்டம் பெண்கள் இரவில் வேலை செய்வதைத் தடுத்தது. அந்தத் தடை செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2000-இல் தீர்ப்பளித்தது. கூடவே பாதுகாப்பு, போக்குவரத்து போன்ற நிபந்தனைகளையும் விதித்தது. அதனால் "வருவேன்" என்று சொல்ல மனமிருந்தால் சொல்லிவிட்டு, கம்பெனி வண்டி வீடுவரை வருமா, ஷிஃப்டில் வேறு பெண்கள் இருக்கிறார்களா என்று நீங்களும் கேளுங்கள். இதைக் கேட்பதால் யாரும் மதிப்பெண்ணைக் குறைக்க மாட்டார்கள்.

சரி, தெரிந்தவர் இல்லை என்றீர்களே. கிண்டி பொறியியல் கல்லூரியில் 1940-களில் படித்த அ. லலிதா, இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவர். பதினெட்டு வயதில் கணவரை இழந்தவர், கையில் குழந்தை. அவருடைய அப்பா அதே கல்லூரியில் பேராசிரியர்; அவர்தான் கல்லூரியில் பேசி இடம் வாங்கித் தந்தார். லலிதாவுக்கே கதவைத் திறந்துவிட ஒருவர் தேவைப்பட்டார். உங்களுக்கு அப்படி ஒருவர் வீட்டில் இல்லை, அதனால் வெளியே தேட வேண்டும்.

உங்கள் துறையில் இரண்டு மூன்று வருடம் முன்னால் படித்து முடித்த அக்காக்களின் பெயரைத் துறை அலுவலகத்தில் கேளுங்கள். லிங்க்ட்இனில் இப்படி எழுதுங்கள்: "அக்கா, நான் உங்கள் கல்லூரியில் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. நீங்கள் குவாலிட்டியில் இருப்பதாகப் பார்த்தேன். அந்த வேலைக்கு இப்போதே எதைக் கற்றுக்கொள்ளலாம்? பத்து நிமிடம் பேச முடியுமா?" முதல் செய்தியிலேயே வேலை கேட்காதீர்கள், ரெஸ்யூமேயும் அனுப்பாதீர்கள். பத்து பேருக்கு எழுதினால் இரண்டு பேர் பதில் போடலாம், அது போதும். தெரியாத ஆண்களிடம் பேசும்போது போன் நம்பரைத் தராமல் மெயிலிலேயே தொடருங்கள்.

கோவை கொடிசியாவில் நடக்கும் இன்டெக், சென்னை நந்தம்பாக்கத்தில் நடக்கும் ஆக்மி போன்ற இயந்திரக் கண்காட்சிகளுக்குத் தோழிகளோடு போய்வாருங்கள். ஸ்டாலில் நிற்கும் இன்ஜினியரிடம் அந்த மெஷினைப் பற்றியே கேளுங்கள். அன்று இரவே அவருக்கு இரண்டு வரி நன்றி எழுதுங்கள்.

பேசிய அக்காவுக்கும் இன்டர்வியூ எப்படிப் போனது என்று மறக்காமல் சொல்லுங்கள், வேலை கிடைக்காவிட்டாலும்கூட. அடுத்த முறை அவர் கம்பெனியில் ஆள் எடுக்கும்போது உங்கள் பெயர் அவருக்கு ஞாபகம் இருக்கும்.