சூரியன் உதிக்க எத்தனை மெகாபிக்சல் வேண்டும்?

கேள்வி: ஐயா, மகன் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் நிற்கிறான். விடிய எழும்பி மொட்டைமாடிக்கு ஏறி, சூரியன் வருவதைப் போனில் படம் பிடிப்பதுதான் இப்போது அவனுடைய வேலை. கமரா ஒன்று வேண்டுமாம். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு கடையில் '64 மெகாபிக்சல்' என்று பெட்டியில் பெரிதாகப் போட்ட கமரா மலிவாக இருக்கிறது. கம்பனிப் பெயர் கேள்விப்பட்டதாக இல்லை. வாங்கலாமா?
(கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தாய்)

பதில்: வேண்டாம் அம்மா. பெயர் தெரியாத இந்த மலிவுக் கமராக்களில் பலவற்றின் உள்ளே இருப்பது பழைய போன்களில் வரும் அளவுக்குச் சின்ன உணரி, அதாவது வெளிச்சத்தைப் படமாக்கும் சென்சர். அது பிடித்த படத்தை மென்பொருள் இழுத்துப் பெரிதாக்கும். அந்தப் பெரிதாக்கிய கணக்குத்தான் பெட்டியில் ஏறும். பால் அதேதான், தண்ணீர் மட்டும் கூடியிருக்கும். பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் 'இன்டர்பொலேஷன்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் திருப்பி வைத்துவிட்டு வந்துவிடலாம்.

ஏ4 தாளில் ஒரு படத்தை நல்ல தரத்தில் அச்சிட 9 மெகாபிக்சல் (90 இலட்சம் புள்ளி)கூடத் தேவையில்லை. அதிகாலைப் படத்துக்கு முக்கியம் உணரியின் பரப்பு. சாதாரணச் சின்னக் கமராவில் அது ஏறத்தாழ 6.2 மி.மீ. அகலமும் 4.6 மி.மீ. உயரமும் இருக்கும். லென்ஸ் கழற்றிப் பூட்டும் தொடக்கநிலைக் கமராக்களில் 22 முதல் 24 மி.மீ. அகலம், சுமார் 15 மி.மீ. உயரம். பரப்பில் பன்னிரண்டு, பதின்மூன்று மடங்கு. வெளிச்சம் போதாத ஐந்தே முக்கால் மணிக்கு, வானத்தின் நிறம் புள்ளி புள்ளியாக உடையாமல் வருவது இந்தப் பரப்பினால்தான்.

ஆகவே அதே காசோடு இன்னும் கொஞ்சம் சேர்த்துப் பாவித்த கமரா ஒன்று பாருங்கள். 2011இல் வந்த கெனன் 1100டி 12 மெகாபிக்சல், 2010இல் வந்த நிக்கோன் டி3100 14 மெகாபிக்சல். வயது போனவைதான், ஆனால் சூரியனுக்கு அது தெரியாது. கூட வரும் 18-55 மி.மீ. லென்ஸ் போதும். 'பெரிய சூமும் எடுங்கோ' என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துவிட்டு நில்லுங்கள். அந்தக் காசில் ஆடாத ட்ரைபொட் ஒன்று வாங்கலாம். விடியும் நேரத்தில் ஷட்டர் அரை செக்கன், ஒரு செக்கன் என்று திறந்து கிடக்கும். எவ்வளவு உறுதியான கையும் அவ்வளவு நேரம் ஆடாமல் நிற்காது. ட்ரைபொட்டுக்கும் காசில்லையா? இரண்டு கிலோ அரிசிப் பையை மதிலில் வைத்து, அதன்மேல் கமராவைப் பதித்து, இரண்டு செக்கன் டைமரில் விடட்டும். நான் பல வருடம் அப்படித்தான் எடுத்தேன்.

கமரா கைக்கு வரும்வரை, ஒரு மாதம், போனிலேயே தம்பி இரண்டு காரியம் செய்து பார்க்கட்டும். திரையில் வானத்தைத் தொட்டு, வெளிச்சத்தைக் கீழே இழுத்துப் பிடிப்பது ஒன்று. விரலால் விரித்துப் பெரிதாக்காமல் இருப்பது மற்றது. அதற்குப் பிறகும் விடிய எழும்புகிறான் என்றால் தாராளமாக வாங்கிக் கொடுங்கள். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்: சூரியன் மேலே வந்தபின் கமராவின் கண்ணாடித் துளையில் கண்ணை வைத்து அதைப் பார்க்கவே கூடாது, திரையில் மட்டும் பார்க்க வேண்டும்.

கேள்வி: கொழும்பில் கடலிலிருந்து சூரியன் எழும்பும் படம் எடுக்க நல்ல இடம் எது? காலிமுகத்திடலுக்கு இரண்டு நாள் போய் ஏமாந்து வந்தேன்.
(தெமட்டகொடை வாசகர்)

பதில்: ஏமாற்றியது சூரியன் அல்ல, வரைபடம். நமக்குக் கடல் மேற்கே. காலிமுகத்திடல், வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசை எல்லாமே மாலை வெயிலின் இடங்கள். கடலில் சூரியன் எழும்ப வேண்டுமானால் திருகோணமலை, பாசிக்குடா பக்கம் போக வேண்டும்.

ஆனாலும் கொழும்பில் தண்ணீருக்கு மேலே உதயம் உண்டு. பேரை வாவியின் மேற்குக் கரையில் நின்று கிழக்கே பாருங்கள். அல்லது தியவன்னா ஓயாக் கரையின் நடைபாதைக்குப் போங்கள். காற்று எழும்புமுன் தண்ணீர் கண்ணாடி மாதிரிக் கிடக்கும், மேலே ஒரு வானம், கீழே இன்னொன்று. நாடாளுமன்றப் பக்கம் கமராவைத் திருப்புமுன் காவலில் நிற்பவர்களிடம் ஒரு சொல் கேட்டுவிடுவது நல்லது.

நேரந்தான் பலர் பிழைவிடும் இடம். நாம் பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருப்பதால் சூரியன் சாய்ந்து வராமல் ஏறத்தாழ நேரே மேலே ஏறும். நிறம் நின்று நிதானிக்காது. உதயத்துக்கு முந்திய இருபது, இருபத்தைந்து நிமிடத்திலேயே விளையாட்டு முடிந்துவிடும். ஜனவரிக் கடைசியில் உதயம் ஆறரையை நெருங்கும், மே மாதத்தில் ஆறுக்கு முன்னரே வந்துவிடும். இடமும் நகரும்: ஜூனில் நேர்க்கிழக்கிலிருந்து சுமார் 23 பாகை வடக்கே, டிசம்பரில் அதேயளவு தெற்கே. ஜூனில் மரத்துக்குப் பின்னால் ஒளித்த சூரியன் டிசம்பரில் வெளியில் வரும் என்று அர்த்தம். முந்திய இரவு மழை பெய்திருந்தால் அலாரத்தை மறக்காமல் வையுங்கள், கழுவிய வானம் கிடைக்கலாம்.

கமராவில் நிறத்தைச் சரிசெய்யும் வெள்ளைச் சமநிலையை (வைட் பேலன்ஸ்) 'மேகமூட்டம்' என்பதில் வையுங்கள். 'ஓட்டோ'வில் விட்டால், செம்மஞ்சளைப் பிழை என்று நினைத்துத் திருத்திவிடும்.

கேள்வி: பாவித்த லென்ஸ் ஒன்று வாங்கினேன். வீட்டில் வந்து வெளிச்சத்தில் பார்த்தால் உள்ளே சிலந்தி வலை மாதிரி. விற்றவர் 'அது தூசி' என்கிறார். என்ன செய்யலாம்?
(வெள்ளவத்தை வாசகி)

பதில்: தூசி வலை பின்னாது. அது பூஞ்சணம். கொழும்பின் ஈரக் காற்றுக்கும் கடலோர வீட்டு அலுமாரிக்கும் அது மிகவும் பிடித்த விருந்தாளி. எனக்கும் இது நடந்தது. நன்றாகத் துடைத்துப் பளபளவென்று காட்டினார்கள், நான் வெளிப்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுக் காசைக் கொடுத்தேன். லேசான பூஞ்சணம் படத்தில் தெரியாமல்கூடப் போகலாம். ஆனால் சூரியனை முன்னால் வைத்து எடுக்கும்போது படம் முழுக்கப் பால்போல மங்கும். கண்ணாடியின் பூச்சை அரித்துவிட்டிருந்தால் துடைத்தும் பயனில்லை.

கடையில் வாங்கினீர்களா, பற்றுச்சீட்டு இருக்கிறதா என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. இருந்தால் முதலில் கடைக்கு எழுத்தில் கொடுங்கள். மசியாவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைத்து, முறைப்பாட்டையும் எழுத்திலேயே கொடுங்கள். வாங்கி மூன்று மாதம் கடக்க விடாதீர்கள். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பது வியாபாரியின் கடமை, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில் இருக்கிறது. தனியாள் ஒருவரிடம் தெருவோரத்தில் காசைக் கொடுத்து வாங்கியிருந்தால், உண்மையைச் சொல்கிறேன், பேசித்தான் பார்க்க வேண்டும்.

அடுத்த தடவை போன் டோர்ச்சை லென்ஸின் ஒரு பக்கம் பிடித்து மறுபக்கத்தால் பாருங்கள். லென்ஸின் துவாரத்தை எஃப்16 என்ற சின்ன அளவுக்குச் சுருக்கி வெறும் வானத்தை ஒரு படம் எடுத்தால் உணரியில் உள்ள அழுக்கும் கரும்புள்ளியாகத் தெரியும். நம்முடைய படங்களில் முக்கால்வாசி வானம் என்பதால் இதை விட்டுவிட முடியாது. வாங்கியதைத் தோல் பையில் போட்டு அலுமாரிக்குள் வைக்காதீர்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் பைகள், அவ்வளவுதான் செலவு. இப்போது வாங்கிய லென்ஸை மற்ற லென்ஸ்களோடு ஒரே டப்பாவில் போட வேண்டாம்.

கேள்வி: கமராவோடு யூவி பில்டர் (லென்ஸின் முன்னால் பூட்டும் கண்ணாடி) கட்டாயம் என்று கடையில் சொல்கிறார்கள். உண்மையா?
(பம்பலப்பிட்டி வாசகர்)

பதில்: கடைக்காரருக்குக் கட்டாயம். கடற்கரையில் உப்புக் காற்றடிக்கும்போது லென்ஸுக்கு ஒரு கவசமாக உதவும், அதை மறுக்கவில்லை. சூரியன் நேரே இருக்கும்போது கழற்றிவிடுங்கள். மலிவுக் கண்ணாடி அந்த வெளிச்சத்தை எதிரொளித்து, வானத்தில் இல்லாத இரண்டாவது சூரியன் ஒன்றைப் படத்தில் போட்டுவிடும்.