பழைய கட்டடங்களின் ஆவணங்களைத் தேடுவது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: கையில் முகவரி மட்டுமே இருக்கிறது. வடிவமைத்தவர் யாரென்று தெரியாது. எங்கே தொடங்குவது?

பதில்: நகராட்சியின் கட்டட அனுமதிக் கோப்பில். உரிமையாளர், வரைந்தவர், கட்டியவர் மூவர் பெயரும் பெரும்பாலும் விண்ணப்பத்திலேயே இருக்கும். இன்றைய கதவு எண்ணை நம்ப வேண்டாம், தெருப் பெயரும் எண்ணும் மாறியிருக்கலாம். மனையின் பழைய எண்ணைப் பிடித்துக்கொண்டு போங்கள்.

கேள்வி: காப்பகப் பட்டியலில் கட்டடத்தின் பெயரே வரவில்லை. ஆவணம் இல்லை என்று முடிவு செய்துவிடலாமா?

பதில்: கூடாது. நூலகம்போலக் காப்பகம் பொருள்வாரியாகப் பிரித்து அடுக்காது. யாரிடமிருந்து வந்ததோ அவர் பெயரில், அவர் வைத்திருந்த வரிசையிலேயே வைத்திருக்கும். கட்டடக் கலைஞர் அலுவலகங்களோ கோப்பில் பணி எண்ணையோ வாடிக்கையாளர் பெயரையோதான் எழுதும். 'பணிப் பதிவேடு, அதாவது எந்தப் பணி எண் எந்தக் கட்டடம் என்று எழுதிய ஏடு, இருக்கிறதா?' என்று முதலில் கேளுங்கள். அது இருந்தால் பாதி வேலை முடிந்தது.

கேள்வி: தீக் காப்பீட்டு நிறுவனங்களுக்காக ஒவ்வொரு கட்டடத்தையும் குறித்து வரைந்த ஊர் வரைபடங்களை வைத்து ஒரு கட்டடத்தின் காலத்தைக் கணிக்கலாமா?

பதில்: கவனமாகச் செய்யலாம். 1867இல் தொடங்கிய அமெரிக்காவின் சான்போர்ன் வரைபடங்களில் இளஞ்சிவப்பு செங்கல், மஞ்சள் மரம், நீலம் கல். சிக்கல் என்னவென்றால், மாற்றம் வந்தபோது முழுத் தாளையும் மறுபடி அச்சிடாமல் திருத்தத் துண்டுகளை மேலே ஒட்டிவிடுவார்கள். முகப்பில் உள்ள ஆண்டு ஒட்டிய துண்டுக்குப் பொருந்தாது. ஸ்கேனில் ஒட்டு விளிம்பு தெரியாமல் போகும். மூலத்தைப் பார்க்க முடிந்தால் பாருங்கள்.

கேள்வி: கட்டடக் கலைஞரின் வரைபடத்தில் மூன்று மாடி, கட்டடத்தில் இரண்டுதான். எதை நம்புவது?

பதில்: கட்டடத்தை! வரைபடம் எண்ணத்தைத்தான் காட்டும். மூலையில் உள்ள திருத்தப் பட்டியலின் தேதியைப் பாருங்கள், பிறகு ஒப்பந்தக்காரரின் பில்களைப் புரட்டுங்கள். மூன்றாம் மாடி எப்போது கைவிடப்பட்டது என்பது கணக்கில்தான் சிக்கும். 'கட்டியபடி' என்று குறித்த படம் கிடைத்தால் அதற்கே முதலிடம்.

கேள்வி: புளூபிரிண்டின் (நீலத் தாளில் வெள்ளைக் கோடாக எடுத்த பழைய வரைபட நகல்) மேல் ஸ்கேல் வைத்து அளக்கலாமா?

பதில்: வேண்டாம். அதைத் தண்ணீரில் கழுவி உலர்த்தித்தான் எடுத்தார்கள், தாள் ஒரே சீராகச் சுருங்காது. அடிக்கு எட்டில் ஒரு அங்குலம், அதாவது 1:96 அளவில், தாளில் 1 மி.மீ. பிசகினால் கட்டடத்தில் கிட்டத்தட்ட 10 செ.மீ. பிசகும். எழுதியிருக்கும் அளவையே எடுங்கள்.

கேள்வி: குடும்பத்திடம் ஒரு கட்டு புளூபிரிண்ட் இருக்கிறது. அமிலமற்ற உறையில் போட்டால் போதுமா?

பதில்: உறையில் காரம் (அமிலத்தை முறிக்கும் பொருள்) சேர்த்திருக்கிறதா என்று பாருங்கள். சுண்ணாம்புச் சத்து சேர்த்த உறை மற்றத் தாளுக்கு நல்லது, ஆனால் இந்த நீலத்தைக் காரம் வெளுக்கவைத்துவிடும். காரம் சேர்க்காத உறைதான் வேண்டும். வெளிச்சமும் ஆகாது. டயசோ பிரதிகளை (புளூபிரிண்டுக்குப் பின் வந்த, வெளிர் தாளில் கருங்கோடாகவோ நீலக்கோடாகவோ தெரியும் நகல்கள்) இதோடு சேர்த்து வைக்காதீர்கள்.