வீட்டை அடமானம் வைக்கும் முன் மகளின் கையைப் பாருங்கள்

பள்ளிப் படிப்பை முடித்த மகளோடு ஒரு அப்பா போன வாரம் என்னைப் பார்க்க வந்திருந்தார். கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்காவிட்டால் இவள் எதிர்காலம் என்ன ஆகும் என்பதுதான் அவர் கவலை. பெரியப்பாவும் அத்தையும் மாறி மாறி போன் செய்கிறார்களாம். நன்கொடை கொடுத்தாவது சீட் வாங்கிவிடுவேன், வீட்டை அடமானம் வைக்கவும் தயார் என்றார். அன்று கவலைப்படாதீர்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது போதாது என்று அப்புறம்தான் உறைத்தது. அதனால் அவருக்கு இந்தக் கடிதம்.

ஐயா, அடமானம் வேண்டாம். மகளுக்குப் பிடிக்காத படிப்புக்காக வீட்டைக் கடனில் மாட்டுவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். பெரியப்பா தவணை கட்டப் போவதில்லை. அத்தை தேர்வு எழுதப் போவதில்லை.

உங்கள் மகள் அன்று பையிலிருந்து ஒரு வாஷிங் மெஷின் போர்டை எடுத்துக் காட்டினாள். உப்பிப்போன ஒரு கெப்பாசிட்டர், பக்கத்தில் கருகிய தடம். மல்டிமீட்டரை வைத்து எங்கே மின்சாரம் நின்றுபோனது என்று தானே தேடியிருக்கிறாள். இந்தக் கைக்கு ஏற்ற வேலை ஒன்று இருக்கிறது, உறவினர்கள் யாரும் அதன் பெயரைச் சொல்ல மாட்டார்கள்: டர்பைன் கண்ட்ரோல்.

டர்பைன் என்பது நீராவியோ எரிவாயுவோ தரும் விசையில் சுழலும் பெரிய இயந்திரம். மின் நிலையங்களிலும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளிலும் ஓடும் டர்பைனைக் கம்ப்யூட்டர்தான் கட்டுப்படுத்துகிறது. ஆனால் சென்சாரிலிருந்து வரும் ஒயர்கள் நேராகக் கம்ப்யூட்டருக்குள் போவதில்லை. கேபினெட்டுக்குள் வரிசையாகத் திருகுகள் உள்ள டெர்மினல் போர்டில்தான் வந்து முடிகின்றன. வெறும் இணைப்புப் பலகை என்று தோன்றும். கிட்டே போனால்தான் அதன் நுணுக்கம் தெரியும். வெப்பத்தை அளக்கும் கே வகை தெர்மோகப்பிள் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 40 மைக்ரோவோல்ட்தான் தரும். அதுவும் அதன் இரு முனைகளுக்கு இடையிலான வெப்ப வித்தியாசத்தைத்தான் காட்டும். அதனால் போர்டு இருக்கும் இடத்தின் வெப்பத்தையும் அளந்து கணக்கில் சேர்த்தால்தான் சரியான அளவு வரும். அழுத்த சென்சார்கள் 4 முதல் 20 மில்லிஆம்பியர் வரை அனுப்பும். ஏன் பூஜ்யத்தில் தொடங்கவில்லை? ஒயர் அறுந்தால் பூஜ்யம் வரும். அழுத்தமே இல்லாவிட்டாலும் 4 வரும். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. வேகத்தை அளக்க, டர்பைனோடு சுழலும் பல்சக்கரத்தின் ஒவ்வொரு பல்லும் சென்சாரைக் கடக்கும்போது ஒரு மின்துடிப்பு வரும். 60 பற்கள் இருந்தால், நிமிடத்துக்கு 3000 சுற்றில் நொடிக்கு 3000 துடிப்பு. வேகம் எல்லை மீறினால் எரிபொருளையோ நீராவியையோ அந்தக் கணமே நிறுத்த வேண்டும்.

முக்கியமான சிக்னல்களை மூன்று கண்ட்ரோலர்கள், அதாவது கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்கள், தனித்தனியாகப் பார்த்து, மூன்றில் இரண்டு ஒத்துப்போனதை ஏற்கும் அமைப்பும் உண்டு. சென்சாரையும் அதே போல மூன்றாக வைத்திருந்தால், ஒன்று கெட்டாலும் டர்பைன் நிற்காது. ஆனால் ஒன்று ஏற்கெனவே கெட்டிருக்கும்போது, அதைக் கவனிக்காமல் நல்ல சென்சாரின் ஒயரைக் கழற்றினால் மொத்த இயந்திரமும் ட்ரிப் ஆகி, தானாக நின்றுவிடும். அதனால் ஸ்க்ரூடிரைவரைத் தொடுவதற்கு முன் திரையில் மற்ற இரண்டையும் பார்ப்பவரே நல்ல டெக்னீஷியன். உங்கள் மகளிடம் அந்தப் பொறுமை இருக்கிறது. போர்டைத் தொடுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்கி, கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கிறதா என்று மீட்டரில் பார்த்ததாகச் சொன்னாள்.

இன்னொன்று. டர்பைன் பல பத்தாண்டுகள் ஓடும், அதன் எலக்ட்ரானிக்ஸ் அவ்வளவு காலம் கடையில் கிடைக்காது. ஜெனரல் எலக்ட்ரிக் (ஜி.இ.) நிறுவனத்தின் ஸ்பீட்ரானிக் என்ற டர்பைன் கண்ட்ரோல் வரிசையில் மார்க் 5-க்குப் பின் மார்க் 6, அதற்கும் பின் மார்க் 6இ வந்துவிட்டன. பழையவற்றை ஓட்டிக்கொண்டிருக்கும் ஆலைகளுக்குப் போர்டைப் பழுது பார்ப்பவரும் வேண்டும், பழைய ஒயரிங்கைப் புதியதற்கு மாற்றத் தெரிந்தவரும் வேண்டும்.

இதற்கு இன்ஸ்ட்ருமென்டேஷன், அதாவது அளக்கும், கட்டுப்படுத்தும் கருவிகள் பற்றிய படிப்பைப் படிக்கலாம். கிடைக்காவிட்டால் எலக்ட்ரானிக்ஸ் அல்லது எலக்ட்ரிக்கல். டிப்ளமோவும் நல்ல தொடக்கம்தான். கல்லூரியின் பெயரைப் பார்க்காதீர்கள், ஆய்வகத்தைப் பாருங்கள். மாணவர்கள் கையால் ஒயர் இணைக்கிறார்களா, சென்சார் சிக்னலைச் சரிபார்க்கும் லூப் கேலிப்ரேட்டரைத் தொட விடுகிறார்களா என்று அங்கே படிக்கும் பிள்ளைகளிடமே கேளுங்கள்.

கஷ்டம் இல்லாத வேலை இல்லை. பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும் ஷட்டவுன் சமயத்தில் இரவு பகல் பார்க்க முடியாது, சத்தமும் சூடும் அதிகம், ஊர் ஊராக அலைய வேண்டியிருக்கும். இதையெல்லாம் அவளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கேட்ட பிறகும் வேண்டும் என்றால் தடுக்காதீர்கள். வேண்டாம் என்றால் நானும் வற்புறுத்த மாட்டேன்.

அடமானப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன், அந்த வாஷிங் மெஷின் போர்டு எப்படிக் கெட்டது என்று ஒருமுறை அவளிடம் கேளுங்கள். என்னிடம் இருபது நிமிடம் விடாமல் சொன்னாள். நீங்கள் அப்போது வெளியே பெரியப்பாவோடு போனில் இருந்தீர்கள்.