வாசகர் கேள்வி–பதில்: வெள்ளம் வடிந்த பிறகு வாடகை, கடன், உரிமை

வெள்ளம், புயல், நிலநடுக்கம் ஆகியவற்றுக்குப் பிறகு வீட்டைப் பற்றி எழும் சிக்கல்களைக் கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், ஒவ்வொரு விதியும் எந்த நாட்டுக்குரியது என்பதையும் சேர்த்தே குறிப்பிட்டிருக்கிறோம்.

கேள்வி: தரைத்தளத்தில் வாடகைக்குக் குடியிருக்கிறோம். வெள்ள நீர் இடுப்பளவுக்கு நின்றதால் உறவினர் வீட்டில் தங்கியிருக்கிறோம். வீட்டு உரிமையாளர் இந்த மாத வாடகையைக் கேட்கிறார். கூடவே, "வீடு பழுதாகிவிட்டது, ஒப்பந்தம் முடிந்துவிட்டது, சாமான்களை எடுத்துக்கொண்டு காலி செய்யுங்கள்" என்றும் சொல்கிறார். நாங்கள் வாடகை தர வேண்டுமா? முன்பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: உரிமையாளர் கேட்கும் இரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை. ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்றால், முடிந்த நாளுக்குப் பிந்தைய வாடகையை அவர் கேட்க முடியாது. முன்பணத்தையும் கணக்குப் பார்த்துத் திருப்பித் தர வேண்டும். வாடகை வேண்டும் என்றால், ஒப்பந்தம் நடப்பில் இருக்கிறது என்று பொருள்; அப்போது உங்களை வாய்மொழியாகக் காலி செய்யச் சொல்ல அவருக்கு வழியில்லை. எது என்று எழுத்தில் தெரிவிக்குமாறு கேளுங்கள். அவர் எழுதித் தரத் தயங்கினால், பேசியதை அன்றைய தேதியிட்டு நீங்களே அவருக்கு வாட்ஸ்அப்பிலோ பதிவுத் தபாலிலோ அனுப்பிவையுங்கள்.

வீடு சேதமடைந்த மாத்திரத்தில் வாடகை ஒப்பந்தம் தானாக ரத்தாகிவிடும் என்று இரு தரப்பினரும் நம்புகிறார்கள். பல நாடுகளில் அது உண்மையில்லை. பழைய ஆங்கிலேயச் சட்டம் இதில் மிகக் கடுமையாக இருந்தது. இங்கிலாந்தில் 1647இல் தீர்ப்பளிக்கப்பட்ட பாரடைன் எதிர் ஜேன் வழக்கில், பகைவரின் படை நிலத்தைக் கைப்பற்றிக் குத்தகைதாரரை வெளியேற்றியிருந்தபோதும், அந்தக் காலத்துக்கான குத்தகையை அவர் செலுத்தியே ஆக வேண்டும் என்று நீதிமன்றம் கூறிவிட்டது. அந்த மரபைத் தழுவிய நாடுகளில் குடியிருப்பவருக்கான பாதுகாப்பைப் பின்னாளில் சட்டம் இயற்றித்தான் கொண்டுவர வேண்டியிருந்தது.

இந்தியாவின் 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம் 108ஆவது பிரிவில், தீ, புயல், வெள்ளம் போன்றவற்றால் சொத்தின் முக்கியமான பகுதி முழுவதுமாக அழிந்தாலோ, வாடகைக்கு விட்ட நோக்கத்துக்கு நிரந்தரமாகப் பயன்படாத நிலைக்குப் போனாலோ, ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளும் விருப்புரிமையைக் குடியிருப்பவருக்குத் தருகிறது. அந்த விருப்புரிமை உரிமையாளருக்கு இல்லை என்பதைக் கவனியுங்கள். அதே சமயம், "நிரந்தரமாக" என்ற நிபந்தனை இருப்பதால், சில வாரங்களில் காய்ந்து, சுத்தம் செய்து குடியேறக்கூடிய வீட்டுக்கு இந்தப் பிரிவு எளிதில் பொருந்தாது. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக் கையெழுத்திட்டிருந்தால் அதுவே மேலோங்கும் என்பதால், முதலில் உங்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். கட்டடமே இடிந்துபோனாலும் நிலத்தின் மீதான வாடகை உரிமை தொடரும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2014இல் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வில், தனது 2001ஆம் ஆண்டுத் தீர்ப்பை மாற்றித் தீர்ப்பளித்திருக்கிறது.

வேறு நாடுகளில் சட்டம் இன்னும் இரக்கத்துடன் நடந்துகொள்கிறது. ஜெர்மனியில் குடியிருக்க முடியாத அளவுக்கு வீட்டில் குறை இருந்தால், அந்தக் காலத்துக்கு வாடகை சட்டப்படியே நின்றுவிடுகிறது. ஜப்பானில் 2020 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் திருத்தத்தின்படி, குடியிருப்பவரின் தவறின்றி வீட்டின் ஒரு பகுதி பயன்படாமல் போனால், அந்த அளவுக்கு வாடகை தானாகவே குறைகிறது. பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தில், வீடு முழுவதும் அழிந்தால் ஒப்பந்தம் முடிந்துவிடுகிறது. ஒரு பகுதி அழிந்தால், வாடகைக் குறைப்பா, ஒப்பந்த முடிவா என்பதைக் குடியிருப்பவரே கேட்டுப் பெறலாம்.

நீங்கள் இன்றே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. சுவரைக் கழுவுவதற்கு முன், ஒவ்வொரு அறையிலும் நீர் நின்ற கோட்டின் அருகே அளவு நாடாவைப் பிடித்துத் தரையிலிருந்து உயரம் தெரியும்படி படம் எடுங்கள். குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம் ஆகியவற்றின் பின்புறம் ஒட்டியிருக்கும் வரிசை எண் சீட்டையும் தெளிவாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஈரத்தில் ஊறிய மெத்தையைத் தெருவில் போடுவதற்கு முன் அதையும் படம் எடுங்கள். நாளை "சேதம் அவ்வளவு இல்லை" என்று உரிமையாளர் சொன்னாலும், "முன்பணத்தில் பெயிண்ட் செலவைக் கழித்துக்கொண்டேன்" என்று சொன்னாலும், உங்கள் பக்கம் நிற்கப்போவது இந்தப் படங்கள்தான். உரிமையாளரின் காப்பீடு பெரும்பாலும் கட்டடத்தை மட்டுமே காக்கும், உங்கள் சாமான்களை அது காக்காது என்பதையும் அறிந்திருங்கள்.

சாவியை மட்டும் அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள். சாவியை ஒப்படைப்பது வீட்டை ஒப்படைத்ததற்கு அடையாளமாகக் கொள்ளப்படும். பழுதுபார்க்க ஆள் வர வேண்டுமென்றால், "பழுதுபார்ப்புக்காக மட்டும்" என்று எழுதி ஒரு சாவியைக் கொடுங்கள்.

கேள்வி: நிலநடுக்கத்தில் சொந்த வீடு இடிந்துவிட்டது. வங்கிக் கடன் இன்னும் பல ஆண்டுகள் பாக்கி இருக்கிறது. இல்லாத வீட்டுக்குத் தவணை கட்ட வேண்டுமா? காப்பீட்டுப் பணமும் வங்கிக்குத்தான் போகும் என்கிறார்கள்.

பதில்: மிக வருத்தமான நிலை இது. ஆயினும் உண்மையைச் சொல்லியாக வேண்டும்: வீடு போனாலும் கடன் போவதில்லை. கடன் என்பது நீங்கள் திருப்பித் தருவதாகக் கையெழுத்திட்டுக் கொடுத்த வாக்கு. வீடு அதற்கு ஈடு மட்டுமே. எனவே தவணையை நிறுத்திவிட்டு மௌனமாக இருப்பது உங்களுக்கே கெடுதல். முதல் தவணை தவறுவதற்கு முன்பே வங்கிக்கு எழுதிச் சலுகை கேளுங்கள்.

சலுகை கேட்பது யாசகம் இல்லை. பேரிடர் பாதித்த பகுதிகளில் கடன்களை மறுசீரமைப்பதற்கு இந்திய ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு நெறிமுறைகள் வகுத்திருக்கிறது. அமெரிக்காவில், அதிபர் பெரும் பேரிடராக அறிவித்த பகுதிகளில், கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகத்தின் உத்தரவாதம் பெற்ற வீட்டுக் கடன்களுக்கு 90 நாட்கள் வரை வீட்டைப் பறிமுதல் செய்யும் நடவடிக்கை நிறுத்திவைக்கப்படுகிறது. ஜப்பானில், இடிந்த வீட்டுக்கான கடனோடு புது வீட்டுக்கான கடனும் சேரும் இரட்டைச் சுமையைக் கண்டு, இயற்கைப் பேரிடரால் பாதிக்கப்பட்டவர்களின் கடனைத் தீர்ப்பதற்கான வழிகாட்டு நெறி ஒன்றை 2016இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அதன்படி கடன் குறைக்கப்பட்டாலும் அந்த விவரம் கடன் தகவல் பதிவேட்டில் ஏறாது. சட்ட வல்லுநரின் உதவியும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. நாம் அறிந்த ஏற்பாடுகளில் இதுவே மனிதாபிமானம் மிக்கது என்று கருதுகிறோம்.

வங்கி தவணையை ஒத்திவைக்கும்போது மூன்று விவரங்களை எழுத்தில் பெறுங்கள்: ஒத்திவைத்த காலத்தில் வட்டி ஓடுமா, அந்தத் தொகை ஒரே மூச்சில் கேட்கப்படுமா அல்லது கடனின் இறுதியில் சேர்க்கப்படுமா, உங்கள் கடன் மதிப்பெண்ணில் இது தவறிய தவணையாகப் பதியுமா. பலர் "மூன்று மாதம் கட்ட வேண்டாம்" என்று தொலைபேசியில் கேட்டதை நம்பியிருந்து, நான்காவது மாதம் மொத்தப் பாக்கியையும் கேட்டு வரும் கடிதத்தைக் கண்டு திகைக்கிறார்கள்.

காப்பீட்டைப் பொறுத்தவரை, ஈடு வைத்த வீட்டின் இழப்பீட்டில் வங்கிக்கு முதல் உரிமை இருப்பது வழக்கம். ஆனால் அந்தப் பணத்தைக் கடனில் கழிக்காமல், வேலை நடக்க நடக்க மறுகட்டுமானத்துக்கு விடுவிக்குமாறு நீங்கள் கேட்கலாம். எந்த ஆபத்துக்குக் காப்பு உண்டு என்பதையும் பாருங்கள். அமெரிக்காவின் வழக்கமான வீட்டுக் காப்பீட்டில் வெள்ளம் அடங்காது. அதற்குத் தனியாக வெள்ளக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். இந்தியாவில் 2021 ஏப்ரல் முதல் வழங்கப்படும் பாரத் கிருஹ ரக்ஷா என்ற வீட்டுக் காப்பீட்டு பாலிசியில் வெள்ளமும் நிலநடுக்கமும் அடங்கும்.

சேதத்தை மதிப்பிடும் காப்பீட்டு சர்வேயர் வந்து பார்க்கும்வரை இடிபாடுகளை முழுவதும் அகற்ற வேண்டாம். மேலும் சேதம் ஆகாதபடி தார்ப்பாய் போட்டு மூடுங்கள்; அந்தச் செலவின் ரசீதை வைத்திருங்கள். குறைந்த தொகை தந்து "முழு மற்றும் இறுதித் தீர்வு" என்று அச்சிட்ட சீட்டில் கையெழுத்துக் கேட்டால், படிக்காமல் போடாதீர்கள். போட்ட பிறகு மீதியைக் கேட்பது மிகக் கடினம். வீடு தேடி வந்து, "காப்பீட்டுப் பணத்தை நாங்களே வாங்கிக் கட்டித் தருகிறோம், அந்தப் பணத்தைப் பெறும் உரிமையை எங்களுக்கு எழுதிக் கொடுங்கள்" என்று கேட்கும் ஒப்பந்தக்காரர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

கேள்வி: புயலுக்குப் பிறகு ஊரில் வீடே கிடைக்கவில்லை. உரிமையாளர் வாடகையை ஒரேயடியாக ஏற்றுகிறார். தடுக்க முடியுமா?

பதில்: ஒப்பந்தக் காலம் முடியாத நிலையில் அவரால் தன்னிச்சையாக ஏற்ற முடியாது. புதிய ஒப்பந்தம் என்றால், உங்கள் அரசு அவசரநிலைக் காலத்துக்கென விலைக் கட்டுப்பாடு விதித்திருக்கிறதா என்று பாருங்கள். கலிபோர்னியாவில் அவசரநிலை அறிவிக்கப்பட்டதும் வாடகையை 10 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்துவதும், அதிக வாடகைக்கு விடும் நோக்கில் இருப்பவரை வெளியேற்றுவதும் குற்றம். இப்படியொரு விதி எல்லா நாடுகளிலும் இருக்க வேண்டும்.

கேள்வி: நான் வீட்டு உரிமையாளர். பழுதுபார்க்க வேண்டியிருக்கிறது, குடியிருப்பவர்கள் வெளியேற மறுக்கிறார்கள். எனக்கும் அந்த வாடகையே வருமானம்.

பதில்: உங்கள் கவலை நியாயமானது. "பணி முடிந்ததும் இதே வாடகையில் திரும்ப வரலாம்" என்று தேதியிட்டு எழுதிக் கொடுங்கள்; பெரும்பாலானவர்கள் அஞ்சுவது திரும்ப முடியாமல் போய்விடுமோ என்றுதான். மின்சாரத்தைத் துண்டிப்பது, பூட்டை மாற்றுவது போன்றவற்றில் இறங்கினால் சட்டம் உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

கேள்வி: வீடு காலமான அப்பாவின் பெயரில் இருக்கிறது. பத்திரங்கள் எல்லாம் தண்ணீரில் போய்விட்டன. உரிமைச் சான்று இல்லையென்று நிவாரணம் மறுக்கப்பட்டது. இனி வழியில்லையா?

பதில்: வழி உண்டு, மனம் தளர வேண்டாம். பத்திரம் என்ற காகிதம்தான் போனது. பதிவு அலுவலகத்தில் அதன் நகல் இருக்கும். அதற்கு விண்ணப்பித்த ரசீதையே நிவாரண மேல்முறையீட்டுடன் இணையுங்கள். அப்பாவின் பெயரில் இருந்து உங்கள் பெயருக்கு மாறாத வீடு என்பது உலகெங்கும் உள்ள சிக்கல். 2017இல் மரியா சூறாவளி தாக்கிய புவெர்ட்டோ ரிக்கோவில் தலைமுறைகளாக வாழ்ந்த வீட்டுக்குப் பத்திரம் காட்ட முடியாமல் ஏராளமானோர் உதவி மறுக்கப்பட்டார்கள். அதன் பிறகு 2021இல் அமெரிக்காவின் கூட்டாட்சி அவசரநிலை மேலாண்மை முகமை, வேறு சான்று கிடைக்காத வாரிசுச் சொத்துகளுக்குக் குடியிருப்பவரின் சுய உறுதிமொழியையும் ஏற்கத் தொடங்கியது.

2004 சுனாமிக்குப் பின் இந்தோனேசியாவின் ஆச்சேயில் நிலப் பதிவுகளோடு எல்லைக் கற்களும் அழிந்துபோயின. அங்கே உயிர் பிழைத்த அண்டை வீட்டார் கூடி, எல்லைகளை நடந்து காட்டி, ஒருவர் சொல்வதை மற்றவர் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டார்கள். அதன் அடிப்படையில் அரசு பதிவு செய்தது. உங்கள் தெருவில் நெடுநாள் வாழ்பவர்கள் சிலரிடம், "இந்த வீட்டில் இன்னார் குடும்பம் இத்தனை ஆண்டுகளாக இருக்கிறது" என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சொத்து வரி, மின்சாரம், தண்ணீர் ஆகியவற்றின் பழைய கட்டண விவரங்கள் அந்தந்த அலுவலகக் கணினியில் இருக்கும். அவற்றையும் கேட்டுப் பெறுங்கள். அப்பாவின் இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றும் இருந்தால், சகோதர சகோதரிகளின் ஒப்புதல் கடிதத்துடன் சேர்த்து மேல்முறையீடு செய்யுங்கள். மறுப்புக் கடிதத்தில் மேல்முறையீட்டுக்கான கடைசி நாள் குறிக்கப்பட்டிருக்கும். எல்லா ஆவணங்களும் கையில் வரும்வரை காத்திராமல், அந்த நாளுக்குள் மனுவைக் கொடுத்துவிட்டு, "மீதி ஆவணங்கள் பின்னர் தரப்படும்" என்று அதிலேயே எழுதிவிடுங்கள்.