எட்டோ கட்டி விழாமல், பசையாகாமல் வர என்ன செய்ய வேண்டும்?

எட்டோ என்பது வேகவைத்த கிழங்கை மசித்து, செம்பனை எண்ணெய் சேர்த்து, முட்டையோடு பரிமாறும் கானா நாட்டு உணவு. உங்கள் கணவர் கானாவின் குமாசி நகரத்துக்காரர், பிறந்தநாள் காலையில் அவர் அம்மா கையால் எட்டோ சாப்பிட்டு வளர்ந்தவர் என்கிறீர்கள். நீங்கள் செய்தபோது ஒருமுறை கட்டி கட்டியாக வந்தது, மறுமுறை மிக்ஸியில் அடித்துப் பசையாகிவிட்டது. இரண்டுக்கும் காரணம் வேறு வேறு.

முதலில் கிழங்கு. கானாவில் கிழங்கில் செய்யும்போது இதற்குப் பெரும்பாலும் போனா வகை வெள்ளை வள்ளிக்கிழங்குதான் (ஆங்கிலத்தில் யாம், சர்க்கரைவள்ளி அல்ல). ஆப்பிரிக்கக் கடைகளில் ‘புனா’ என்று கேட்டால் கிடைக்கும். அறுவடையான உடனே வரும் கிழங்கில் ஈரம் அதிகம். கொஞ்ச நாள் இருப்பில் கிடந்ததே மாவாக மசியும். சேனைக்கிழங்கு வேண்டவே வேண்டாம், அது வேறு செடி. ஊரில் இருந்தால் பெருவள்ளிக்கிழங்கு ஓரளவு கைகொடுக்கும். அதைத் தண்ணீரில் போடாமல் ஆவியில் வேக வையுங்கள், இல்லையென்றால் குழைந்துவிடும்.

நான்கு பேருக்கு ஒரு கிலோ கிழங்கு, 100 மில்லி செம்பனை எண்ணெய், எட்டு சின்ன வெங்காயம், ஒரு மிளகாய், விரல்நுனி அளவு உப்புக் கருவாடு (அங்கே மொமொனி என்ற புளிக்கவைத்த உப்பு மீன் போடுவார்கள்), ஆளுக்கொரு முட்டை. கொடி முளைத்த தலைப்பக்கம் நாராக இருக்கும், வெட்டி எறியுங்கள். தோலைத் தாராளமாகச் சீவுங்கள். உள்ளே பழுப்புக் கீற்று தெரிந்தால் அந்த இடம் கசக்கும், அதையும் எடுத்துவிடுங்கள். கை அரிக்காமலிருக்க முன்னதாகவே எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். மூன்று செ.மீ. வில்லைகளாக நறுக்கி, மூழ்கும் அளவு தண்ணீரில் உப்புப் போட்டு இருபது, இருபத்தைந்து நிமிடம். கத்தி தடங்கலின்றி இறங்க வேண்டும். வெந்த நீரில் ஒரு கப் எடுத்து வையுங்கள்.

மசிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வெங்காயம், மிளகாயை அசங்காவில், அதாவது உள்ளே வரி வரியாகக் கீறிய மண்சட்டியில், மரக்குழவியால் நைத்துவிட்டு, கிழங்கை ஆவி பறக்கப் பறக்க இரண்டிரண்டு துண்டாகப் போட்டு அழுத்தித் தேய்க்க வேண்டும். ஆறினால் மாவுச்சத்து இறுகிவிடும். அந்தக் கட்டி பிறகு உடையாது. எண்ணெயை முந்தி ஊற்றினாலும் இதே கதிதான்: எண்ணெய் பூசிய கட்டி குழவிக்கு வழுக்கிக்கொண்டே போகும். ஆகவே கட்டி முழுக்க உடைந்த பிறகே எண்ணெய்.

மிக்ஸியில் நேரம் மிச்சம்தானே என்று சிலர் கேட்பார்கள். பிளேடு கிழங்கின் செல்களைக் கிழித்து மாவுச்சத்தை வெளியே இழுத்துவிடும், அதனால்தான் பசை. ஃபூஃபூ என்ற கானா களியை உரலில் இடிப்பதே அந்த இழுவைக்காக. எட்டோவுக்கு அது கூடாது. அசங்கா இல்லையென்றால் பருப்பு மத்தும் கனமான பாத்திரமும் போதும்.

எண்ணெயைக் கருவாட்டோடு சிறுதீயில் மணம் வரும்வரை சூடாக்குங்கள். புகைந்தால் நிறமும் போகும், சுவையும் போகும். கரண்டி கரண்டியாகச் சேர்த்து, மசியல் சீரான மஞ்சளானதும் நிறுத்துங்கள். மீதி எண்ணெய் மேலே ஊற்ற. இறுகலாக இருந்தால் எடுத்து வைத்த நீரில் ஒரு கரண்டி.

ரேஷன் பாமாயில் இதற்கு ஆகாது, சுத்திகரிப்பில் நிறமும் மணமும் போய்விடும். கானா எண்ணெய் என்று சிவப்பாகக் கண்டதையும் வாங்காதீர்கள். சூடான் 4 என்ற தொழிற்சாலைச் சாயம் கலந்த எண்ணெய் அக்ரா சந்தைகளில் விற்றதை 2015-இல் அந்நாட்டு உணவு, மருந்து ஆணையமே கண்டுபிடித்தது. குழந்தையின் பிறந்தநாள் தட்டுக்குப் போகும் எண்ணெயில் சாயம் கலக்கிறவர்களை என்னவென்று சொல்ல! தயாரிப்பாளர் பெயரும் தொகுதி எண்ணும் உள்ள பாட்டிலாகப் பார்த்து வாங்குங்கள்.

முட்டையைத் தயவுசெய்து படத்துக்காக வெட்டி அடுக்காதீர்கள். கானாவின் அக்கான் மக்களிடம் பெண் பூப்பெய்தும் சடங்கில் எட்டோவோடு தரும் முட்டையைக் கடிக்காமல் விழுங்க வேண்டும். கடித்தால் பிறக்கப்போகும் பிள்ளையைக் கடித்ததாகும் என்பது நம்பிக்கை. பிறந்தநாள் தட்டிலும் முழு முட்டைதான் அழகு. வெடிக்காமலிருக்க, குளிர்பெட்டியிலிருந்து முன்பே எடுத்து வைத்துப் பச்சைத் தண்ணீரில் போட்டு வேகவிடுங்கள். பக்கத்தில் வறுத்த வேர்க்கடலை, அவகாடோ.

மிஞ்சினால் மறுநாள் இறுகியிருக்கும். இட்லிப் பானையில் ஐந்து நிமிடம் ஆவி காட்டி, ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டுப் பிசைந்தால் போதும்.