கேளாமல் எடுத்த இரண்டு வருடம்

அன்புள்ள ஐயா,

உங்கள் கட்டுரைகளை இரண்டு வருடமாக வாசித்து வருகிறேன். 2020 பொதுத் தேர்தலில் ராஜபக்சக்களின் பொதுஜன பெரமுன 145 ஆசனங்கள் எடுத்தது. 2024 நவம்பரில் அதே கட்சிக்குக் கிடைத்தது 3. நாலு வருடத்தில் ஒரு கட்சி இப்படிக் கரைந்துபோனதற்குக் கியூதான் காரணம் என்று நினைக்கிறேன். என் அம்மா 2022இல் காஸ் சிலிண்டருக்கு இரவிரவாக நின்று, விடியப்புறம் மயங்கி விழுந்தவர். ஆனால் ஒன்று, கியூ வந்திராவிட்டால் இந்தச் சனம் மறுபடியும் அவர்களுக்கே புள்ளடி போட்டிருக்கும். எங்கள் மக்களுக்கு ஞாபகசக்தி கிடையாது, வயிறு மட்டும்தான் இருக்கிறது. 1977இல் பிரதமர் சிறிமாவோவுக்கு நடந்ததும் இதுதானே? இப்போதைய அரசாங்கத்துக்கும் ஒருநாள் இப்படி நடக்குமா? அதை முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது?

(பெயர் போடவேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

முதலில் அம்மா எப்படி இருக்கிறார்? கடிதத்தில் அந்த ஒரு வரியை எழுதிவிட்டு அடுத்த வரியில் மக்களைத் திட்டப் போய்விட்டீர்கள். அவருக்கு இப்போது சுகமா இல்லையா என்று எழுதவில்லை. அதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வேறு வேலை பார்க்க முடியவில்லை.

அடுத்ததாக, "வயிறு மட்டும்தான் இருக்கிறது" என்ற உங்கள் வசனம். இதை எழுதக் கை எப்படி வந்தது? இரவு முழுக்க நின்றது உங்கள் அம்மா. தன் வயிற்றுக்காகவா நின்றார்? வீட்டில் சமைத்ததைச் சாப்பிட்ட வயிறுகளில் உங்களுடையதும் ஒன்று. தோற்ற கட்சியின் ஆட்கள்தான் சனத்துக்கு ஞாபகம் இல்லை, நன்றி இல்லை என்று சொல்லித் திரிவார்கள். கட்சிக்காரன் சொன்னால் அவனுக்கு ஒரு தேவை இருக்கிறது என்று விடலாம். நீங்கள் ஏன் அவனுடைய வசனத்தைக் கடன் வாங்குகிறீர்கள்?

சரி, கோபம் போதும். இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதுவதற்கு வேறொரு காரணம் இருக்கிறது. போன மாதம் ஊரில் பழைய வீட்டின் கூரையைப் பிரித்தபோது என் ஐயாவின், அதாவது என் தகப்பனாரின், கணக்குக் கொப்பி ஒன்று கிடைத்தது. அதில் இருந்த ஒரு பக்கத்தைத்தான் அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். 1977 என்ற இலக்கத்தை உங்கள் கடிதத்தில் கண்டதும் இனி எழுதாமல் இருக்க முடியாது என்று ஆகிவிட்டது.

அதற்கு முன் ஒரு சின்னத் திருத்தம். 1977 ஜூலைத் தேர்தலில் சிறிமாவோவின் ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி 168 ஆசனங்களில் 8ஐத்தான் பிடித்தது, உண்மை. ஆனால் நாடு முழுக்க அதற்குக் கிடைத்த வாக்கு கிட்டத்தட்ட 30 வீதம். தொகுதியில் அதிக வாக்கு எடுத்தவருக்கே ஆசனம் என்ற தொகுதிமுறை செய்த வேலை அது. அதே முறைதான் 1970இல் அவர்களைத் தூக்கிவிட்டது. அந்த வருடம் ஐக்கிய தேசியக் கட்சி சுதந்திரக் கட்சியை விடக் கூடுதலான வாக்கு எடுத்தும் 17 ஆசனங்களோடு வீட்டுக்குப் போனது. 2024 இப்படியல்ல. வாக்குக்கேற்ப ஆசனம் தரும் விகிதாசார முறையிலேயே 3 ஆசனம் என்றால் வாக்கே இல்லை என்று அர்த்தம். ஆகவே இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒன்றுதான் என்று சொல்லக்கூடாது.

கியூவும் இருந்தது, மறுக்கவில்லை. 1973இல் எண்ணெய் விலை ஏறியது, வெளியில் கோதுமையும் அரிசியும் விலை ஏறின, நாட்டில் அந்நியச் செலாவணி இல்லை. பாணுக்கு விடியமுன் போய் நிற்கவேண்டும். மலையகத் தோட்டங்களில் பட்டினிச் சாவுகளே நடந்தன. அங்கே வயிறு என்பது பேச்சுக்குச் சொல்லும் சொல் இல்லை. அதை நான் லேசாக்கவில்லை.

ஆனால் எங்கள் வீட்டுக் கதை வேறு. நாங்கள் தெல்லிப்பழைப் பக்கம். செம்மண். அரசாங்கம் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு இறக்குமதியை நிறுத்தியது எங்களுக்கு அடித்த அதிர்ஷ்டம். செத்தல் மிளகாய் விற்ற காசில் ஐயா இறைப்பு மெசின் வாங்கினார். மண்சுவர் வீடு கல்வீடானது. கொழும்பில் சனம் சிறிமாவோவைத் திட்டிக்கொண்டிருந்த அதே நாட்களில் எங்கள் ஒழுங்கையில் சைக்கிள் போய் மோட்டார் சைக்கிள் வந்தது. வயிறுதான் வாக்குப் போடும் என்றால், யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரன் அந்த அரசாங்கத்துக்குக் கோயிலே கட்டியிருக்கவேண்டும்.

பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் இருந்ததே, அது போதாதா என்று கேட்பீர்கள். இருந்தது. 1971இல் மருத்துவத்துக்குத் தமிழில் எழுதிய பிள்ளை 250 புள்ளி எடுக்கவேண்டும், சிங்களத்தில் எழுதிய பிள்ளைக்கு 229 போதும். எத்தனையோ வீடுகளை அது இடிய வைத்தது. அது பற்றி மற்றவர்கள் நிறைய எழுதியாயிற்று. எங்கள் வீட்டில் அந்த வயதில் பிள்ளை இல்லை. நான் அப்போது நாலாம் ஐந்தாம் வகுப்பு. ஐயா அதைக் கேட்டு வருத்தப்பட்டார், அவ்வளவுதான். அவர் மாறியது அதனால் இல்லை.

ஐயா கொஞ்சம் இடதுசாரிப் பக்கம் சாய்ந்தவர். 1972இல் புதிய அரசியலமைப்பு வந்தபோது, எங்கள் தொகுதி உறுப்பினர் செல்வநாயகம் பதவியைத் துறந்து, இதைத் தமிழர் ஏற்கிறார்களா என்று காங்கேசன்துறையில் தேர்தல் வைத்துப் பாருங்கள் என்று சவால் விட்டார். அரசாங்கம் வைக்கவில்லை. அவசரகாலம், பாதுகாப்பு என்று ஒவ்வொரு காரணமாகச் சொல்லி இரண்டு வருடத்துக்கு மேல் இழுத்தது. ஒருவழியாக 1975 பெப்ரவரியில் இடைத்தேர்தல் வந்தது. அரசாங்கப் பக்கத்தில் கம்யூனிஸ்ட் கட்சியின் வி. பொன்னம்பலம் நின்றார். செல்வநாயகத்துக்கு 25,927 வாக்கு, பொன்னம்பலத்துக்கு 9,457. அந்த ஒன்பதாயிரத்துச் சொச்சத்தில் ஒன்று ஐயாவுடையது. ஊரில் வெளியே சொல்ல முடியாது. வீட்டில் சொன்னார். "பொன்னம்பலத்தார் நல்ல மனிசன். கட்சியும் எங்களுக்கு ஒண்டும் கெடுதல் செய்யேல்லை. இழுத்தாலும் எலெக்சனை வைச்சிட்டாங்கள்தானே."

அப்புறம் மே மாதம் வந்தது. 1970 மே மாதம் வந்த அரசாங்கம், ஐந்து வருடம் முடிந்தால் பொதுத் தேர்தல் என்று ஐயா எண்ணிக்கொண்டிருந்தார். தேர்தல் வரவில்லை. சந்தியில் தேத்தண்ணிக் கடையில் யாரோ விளங்கப்படுத்தியிருக்கிறார்கள்: ஐந்து வருடத்தை 1970இலிருந்து எண்ணுவதில்லை, புதிய அரசியலமைப்பு வந்த 1972 மே 22இலிருந்து எண்ணவேண்டும், ஆகவே 1977இல்தான் தேர்தல். எல்லாம் சட்டப்படி. மூன்று வருடத்துக்கு முன்பே எழுதி நிறைவேற்றியது. படித்தவர்களுக்கு அப்போதே தெரியும். தோட்டக்காரனுக்கு அந்த வருடம் மே மாதம் வந்தபோதுதான் தெரிந்தது.

நான் சொன்ன பக்கம் அதுதான். மேலே மிளகாய்க் கணக்கு, எந்த வியாபாரி எவ்வளவு தரவேண்டும் என்று. அதற்குக் கீழே பென்சிலில் 1970, ஐந்து, 1975 என்று ஒரு கூட்டல். அதன் கீழே 1977. பக்கத்தில் ஐயாவின் சாய்ந்த எழுத்தில் ஒரு கேள்வி: "2 வருடம் ஆர் தந்தது?"

கணக்குக்குக் கீழே ஏன் எழுதினார் என்பது எனக்கு விளங்கும். ஐயாவிடம் மிளகாய் வாங்கிய ஒரு வியாபாரி ஒவ்வொரு போகமும் காசுக்குத் தவணை கேட்பார். வந்து வாசலில் நின்று, தலையைச் சொறிந்துகொண்டு கேட்பார். அம்மா முணுமுணுப்பா. ஐயா கொடுப்பார். இன்னொருவர் இருந்தார், ஒருநாளும் கேட்கமாட்டார், தானே பிந்தித் தருவார், தரும்போது முழுதாகத் தருவார். ஒரு சதம் குறையாது. ஐயா அந்த மனிதருடன் வியாபாரத்தை நிறுத்திவிட்டார். நான் பொடியன், விளங்காமல் கேட்டேன், அவர்தானே முழுக்காசும் தாறவர் என்று. ஐயா சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது. "கேட்டு வாங்கினவன் கடன்காரன். கேளாமல் எடுத்தவன் ஆர்?"

1977இல் ஐயா தமிழர் விடுதலைக் கூட்டணியின் உதயசூரியனுக்குப் போட்டார். அமிர்தலிங்கம் எங்கள் தொகுதியில் வென்றார். அது தனிநாட்டுக்குக் கிடைத்த ஆணை என்று மேடையில் சொன்னார்கள், பிறகு புத்தகங்களும் அப்படியே எழுதின. ஐயாவுக்கு எட்டிய வரையில் அது மிளகாய்க் கொப்பியில் கிடந்த ஒரு கேள்விக்கான பதில். ஒரு வாக்குக்குள் என்ன இருக்கிறது என்று எண்ணுகிறவனுக்குத் தெரியாது தம்பி. ரேடியோவில் முடிவு சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தவர், சுதந்திரக் கட்சிக்கு எட்டு என்றதும், "எட்டோ?" என்று ஒருமுறை கேட்டார். பிறகு எழும்பி இறைப்புக்குப் போய்விட்டார். அடுத்து வந்தவர்கள் இறக்குமதியைத் திறந்துவிட, மிளகாயும் வெங்காயமும் விலை விழுந்தன. ஐயா அதற்காக அந்த வாக்கை நொந்து நான் கேட்டதில்லை.

இப்போது என் வாதத்துக்கு வருகிறேன். இதை நண்பர்களிடம் சொல்லிச் சொல்லி அவர்கள் களைத்துவிட்டார்கள், இனி உங்கள் முறை. இந்த நாட்டில் ஒரு கட்சியின் மேலிருந்த நம்பிக்கை எப்போது போனது என்று அறிய விலைவாசிப் பட்டியலைப் பார்க்கவேண்டாம். அந்தக் கட்சி எந்தத் தேர்தலைத் தள்ளிப்போட்டது என்று பாருங்கள். 2015இல் வந்த அரசாங்கம் நல்லாட்சி என்று பெயர் வைத்துக்கொண்டது. 2017இல் எல்லை மீள்நிர்ணயம் என்று சட்டத்தைத் திருத்தியது, மாகாண சபைத் தேர்தல் நின்றுபோனது. அதற்குள் இருந்த ஐக்கிய தேசியக் கட்சிக்கு 2020இல் முழு நாட்டிலும் ஒரே ஆசனம், அதுவும் தேசியப் பட்டியலில். கட்சி உடைந்ததுதான் காரணம் என்பார்கள். உடைந்ததுதான். நம்பிக்கை உள்ள கட்சி அப்படி உடையாது. பிறகு 2023 மார்ச் 9இல் நடக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தல். வாக்குச்சீட்டு அடிக்கத் திறைசேரியில் காசில்லை என்றார்கள். பாராளுமன்றத்தில் அப்போது பெரும்பான்மை யாருக்கு? நீங்கள் கேட்ட அதே 145 பேரின் கட்சிக்கு. தேர்தலை நடத்தாதது அடிப்படை உரிமை மீறல் என்று உயர்நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்புச் சொன்னது. மூன்று மாதத்தில் மூன்று ஆசனம்.

கியூவில் நின்ற சனம் இரண்டு வருடத்தில் கியூவை மறந்தும் போகும். 2023இல் காஸ் தாராளமாகக் கிடைத்தது, பெற்றோல் கிடைத்தது. நீங்கள் சொல்வதுபோல் வயிறு மட்டும்தான் என்றால் 2024இல் கொஞ்சமாவது திரும்பி வந்திருக்கவேண்டாமா? உரத்தைத் தடைசெய்து விவசாயியை நடுத்தெருவில் விட்டார்கள், சரி. நாட்டைக் கடனில் கவிழ்த்தார்கள், சரி. ஆனால் அதற்கெல்லாம் பிறகு, எங்களிடம் வந்து கேட்க ஒரு சந்தர்ப்பம் இருந்தது. பிழைவிட்டவன் வாசலுக்கு வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றால் எங்கள் சனம் பாதியை மன்னிக்கும். அவர்கள் வரவில்லை. காசில்லை என்று சொல்லி அனுப்பினார்கள்.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது, நீங்கள் கண்டுபிடிக்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன். 1982 டிசெம்பரில் ஐக்கிய தேசியக் கட்சியின் ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தன சர்வஜன வாக்கெடுப்பு வைத்துப் பாராளுமன்றத்தின் ஆயுளை ஆறு வருடம் நீட்டினார். விளக்குக்குப் போட்டால் நீட்டலாம், பானைக்குப் போட்டால் நீட்டக்கூடாது. யாழ்ப்பாணம் பானைக்குப் போட்டது, நாடு விளக்குக்குப் போட்டது. அந்தக் கட்சி 1989இலும் வென்றது; 1994 வரைக்கும் தோற்கவில்லை. கேட்டுத்தானே எடுத்தார் என்று ஒரு நண்பர் என்னை மடக்குவார். கேட்டது உண்மை. தேர்தல் வைக்கவா என்று கேட்கவில்லை, வைக்காமல் விடவா என்று கேட்டார். இடையில் வடக்கிலும் தெற்கிலும் இளைஞர் வாக்குச்சீட்டை விட்டுத் துவக்கைத் தூக்கினார்கள். அதற்கு வேறு காரணங்களும் உண்டு. இதுவும் உண்டு என்பது என் பிடிவாதம். நண்பர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

நீங்கள் கேட்டது வேறு ஏதோ. ஆம், இப்போதைய அரசாங்கம். அவர்களுக்கு 159 ஆசனம், யாழ்ப்பாண மாவட்டத்திலேயே ஆறில் மூன்று. உள்ளூராட்சித் தேர்தலை 2025 மே மாதம் நடத்தினார்கள், நல்லது. வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. எண்ணத் தொடங்குங்கள், ஒரு கொப்பி போதும்.

அம்மாவிடம் ஒன்று கேட்டு எழுதுங்கள். அன்று விடியப்புறம் அவர் விழுந்தபோது சிலிண்டரைப் பார்த்துக்கொண்டது யார், அவருடைய இடத்தைப் பிடித்து வைத்திருந்தது யார்? முன்னுக்கும் பின்னுக்கும் நின்ற ஆட்களை அவருக்கு ஞாபகம் இருக்கும். இப்போது தலைச்சுற்று இல்லையே என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.